போர் விமானத்திலிருந்து வந்த கண் லென்ஸ்

கண்புரை ஆபரேஷன் என்றதும் இன்று "லென்ஸ் வெச்சாச்சா?" என்றுதான் கேட்கிறோம். நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு அந்தக் கேள்விக்கே இடமில்லை. புரை படிந்த லென்ஸை எடுத்துவிடுவார்கள். அந்த இடம் வெறுமையாகவே கிடக்கும். பிறகு ஆயுளுக்கும் சோடாபுட்டிக் கண்ணாடிதான்.

அந்த வெற்றிடத்தை நிரப்பலாம் என்ற நம்பிக்கையைத் தந்தது ஒரு போர் விமானம். 1940 ஆகஸ்டில் ஜெர்மானியரோடு நடந்த வான்சண்டையில், கோர்டன் கிளீவர் என்ற பிரிட்டிஷ் விமானி ஓட்டிய ஹரிகேன் விமானத்தின் மேல்மூடி சிதறியது. பெர்ஸ்பெக்ஸ் என்ற அக்ரிலிக் பிளாஸ்டிக்கால் ஆன மூடி அது. சில்லுகள் இரு கண்களிலும் பாய்ந்தன. வலது கண் பார்வை போய்விட்டது. இடது கண்ணுக்குள் சில்லுகள் தங்கின. ஆனால் கண் அவற்றை எதிர்த்துச் சீறவில்லை. இப்படிக் காயம்பட்ட விமானிகளைக் கவனித்து வந்த கண் மருத்துவர் ஹரோல்ட் ரிட்லி இதை மனதில் குறித்துக்கொண்டார்.

கண்ணில் புகுந்த அந்நியப் பொருளை வெளியே எடுப்பதுதான் கண் மருத்துவரின் தொழில். ரிட்லியோ தெரிந்தே ஒன்றை உள்ளே வைக்கத் துணிந்தார். ரேனர் நிறுவனம் பெர்ஸ்பெக்ஸில் லென்ஸ் செய்து தந்தது. 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 45 வயதுப் பெண் ஒருவருக்கு அதைப் பொருத்தினார். லென்ஸின் பவர் தப்பிப்போய், அவருக்குக் கடுமையான கிட்டப்பார்வை வந்தது. கண் மட்டும் லென்ஸை ஏற்றுக்கொண்டது.

சக மருத்துவர்கள் ஏற்கவில்லை. 1951இல் ஆக்ஸ்ஃபோர்டு மாநாட்டில் ரிட்லி விஷயத்தைச் சொன்னபோது, அத்துறையின் ஜாம்பவான் ஸ்டூவர்ட் டியூக்-எல்டர் எதிரணியில் நின்றார். எதிர்ப்பு முழுக்கப் பொறாமை என்று தள்ளிவிட முடியாது: அன்றைய லென்ஸ் கனமானது, சிலருக்கு இடம் நழுவியது, அழற்சியும் வந்தது. ஆனாலும் குறையைத் திருத்த முயல்வதை விட்டுவிட்டு, யோசனையையே ஒதுக்கியது அநியாயம்தான். அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைக்க 1981 ஆயிற்று. ரிட்லிக்கு சர் பட்டம் 2000இல் வந்தது; மறு ஆண்டே அவர் காலமானார்.

ஒப்புதல் வந்தாலும் விலை ஏழைக்கு எட்டவில்லை. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992இல் ஆரோலேப் என்ற சொந்தத் தொழிற்கூடத்தை அமைத்து லென்ஸ் தயாரிப்பில் இறங்கியது. வெளிநாட்டு லென்ஸின் விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்கு அது லென்ஸ் கொடுத்தது. இன்று மதுரை லென்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது.