தயிர்ச் சட்டியும் கரப்பும் போத்தல் விளக்கும்: பொருள் வடிவமைப்பு என்பது என்ன?

வடிவமைப்பு படிக்கிறேன் என்று சொன்னால் மட்டக்களப்பில் இரண்டு கேள்விகள் வரும். "உடுப்புத் தைக்கிற படிப்பா புள்ள?" என்பது ஒன்று. "வீட்டுப் பிளான் கீறுறதா?" என்பது மற்றது. இரண்டும் வடிவமைப்புதான். ஆனால் இவற்றுக்கு நடுவே இன்னொரு துறை இருக்கிறது. கையால் எடுக்கிற, ஊற்றுகிற, மூடுகிற, தோளில் போடுகிற, தவறிக் கீழே விழுகிற பொருள்கள் எந்த உருவில், எந்தப் பண்டத்தில், என்ன விலையில் இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது அந்தத் துறையின் வேலை. அதைப் பொருள் வடிவமைப்பு என்கிறோம். இலங்கையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைப் பீடத்துக்குள் இது பட்டப்படிப்பாக இருக்கிறது. பாடப் புத்தகங்களில் வரும் உதாரணங்கள் பெரும்பாலும் ஐரோப்பிய நாற்காலிகளும் ஜப்பானியப் போத்தல்களும்தான். எங்கள் மட்டக்களப்பு வாவிக் கரையில் அதே பாடங்களைக் கையில் தொட்டுப் படிக்கலாம்.

எருமைத் தயிர்ச் சட்டியை எடுத்துக்கொள்வோம். பார்க்க வெறும் மண் சட்டி. ஆனால் அதற்குள் பல வேலைகள் ஒன்றாக நடக்கின்றன. காய்ச்சி ஆறிய பாலில் உறை விட்டு ஊற்றும்போது அது தயிரை உருவாக்கும் அச்சு. பூச்சில்லாத சுட்ட மண் ஆனபடியால் அதன் நுண்துளைகள் தயிரின் தெளிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ளும். எருமைப் பாலில் கொழுப்பு ஏறத்தாழ 7 வீதம், பசுப்பாலைவிட மிக அதிகம். பாலின் கெட்டியும் சட்டியின் உறிஞ்சலும் சேரும்போதுதான், கரண்டியால் வெட்டி எடுக்கும் தயிர் கிடைக்கிறது. உறிஞ்சப்பட்ட நீர் வெளிப்பக்கம் கசிந்து ஆவியாகும். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். அதைச் சட்டியிலிருந்தே எடுப்பதால் உள்ளே இருப்பது குளிர்கிறது. கச்சான் காற்று அடிக்கிற வெயில் மாதங்களில் இது நன்றாக நடக்கும். மாரியில் காற்றே ஈரமாக இருப்பதால் அவ்வளவு நடக்காது. சட்டியின் விளிம்புக்குக் கீழே கழுத்துச் சற்று ஒடுங்கியிருப்பதைக் கவனியுங்கள். வாயைத் தாளால் மூடிக் கட்டும்போது கயிறு நழுவாமல் நிற்பது அந்த ஒடுக்கத்தால்தான். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கலாம். உடைந்தாலும் மண்ணுக்குக் கேடில்லை.

குளிரூட்டும் இதே இயற்பியலைக் கொண்டு, குஜராத்தின் வாங்கானேரைச் சேர்ந்த மன்சுக்பாய் பிரஜாபதி என்ற குயவர், 2001 நிலநடுக்கத்துக்குப் பின்னான ஆண்டுகளில் மின்சாரம் வேண்டாத களிமண் குளிர்பெட்டி ஒன்றைச் செய்தார். அது இந்தியா முழுக்கப் பேசப்பட்டது. எங்கள் சட்டியை யாரும் அப்படிப் பேசவில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் இந்திய அரசின் அழைப்பில் நாட்டைச் சுற்றிப் பார்த்து 1958இல் ஓர் அறிக்கை எழுதினார்கள். அகமதாபாத்தில் 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கப்பட அடித்தளமாக இருந்தது அந்த அறிக்கை. அதில் அவர்கள் அதிகம் வியந்தது எந்த அரண்மனையையும் அல்ல, லோட்டாவை, அதாவது நாங்கள் செம்பு என்று சொல்வதை. ஒரு செம்பை வடிவமைக்க வேண்டுமானால் என்னென்ன கேட்க வேண்டும் என்று நீண்ட வரிசையாக அவர்கள் எழுதிவைத்தார்கள். எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், எந்தக் கை தூக்கும், இடுப்பில் வைத்தால் எங்கே பாரம் விழும், நிறைந்திருக்கும்போதும் வெறுமையாக இருக்கும்போதும் சமநிலை எப்படி மாறும், கழுவ இலகுவா, என்ன விலை, தொட்டால் எப்படி இருக்கும் என்றெல்லாம். கேள்விகளைத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்கும் இந்தப் பழக்கம்தான் வடிவமைப்புப் படிப்பில் முதலில் கற்பது.

அந்தக் கேள்விகளோடு வாவிக்குள் இறங்கினால் கரப்பு தெரியும். வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். ஓரங்களில் பல இடங்களில் முழங்காலளவு, இடுப்பளவு தண்ணீர்தான். கலங்கிய நீரில் மீன் கண்ணுக்குத் தெரியாது. அதற்கென்று ஆனது கரப்பு. குச்சிகளைச் சேர்த்துக் கட்டிய, மேலும் கீழும் திறந்த கூடை. அடிவாய் அகலம், மேல்வாய் கை நுழையும் அளவு. நடந்தபடி குத்திக்கொண்டே போவார்கள். உள்ளே ஏதாவது துடித்து மோதினால் குச்சிகளின் அதிர்வு கைக்குத் தெரியும். பிறகு மேலால் கையை விட்டு எடுக்க வேண்டியதுதான். குச்சிகளுக்கிடையே இடைவெளி இருப்பதால் நீர் தடுக்காது, குத்த அதிக பலமும் வேண்டாம். குச்சி முனைகள் அடியில் நீட்டிக்கொண்டிருப்பதால் சேற்றில் ஊன்றி நிற்கும், மீன் அடியால் நழுவாது. கண் செய்ய முடியாத வேலையைக் கைக்கு மாற்றிக்கொடுத்த கருவி இது. வங்காளத்திலும் கம்போடியாவிலும் ஆபிரிக்காவின் பல ஆற்றங்கரைகளிலும் ஏறத்தாழ இதே உருவம் இருக்கிறது. ஆழமில்லாத கலங்கல் நீரும் குச்சியும் எங்கெல்லாம் இருந்தனவோ அங்கெல்லாம் மனிதர் இதே விடைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

சட்டிக்கும் கரப்புக்கும் ஒரு வாய்ப்பு இருந்தது. தலைமுறை தலைமுறையாகத் திருத்தப்படும் வாய்ப்பு. குச்சி முறிந்தால் அடுத்த கரப்பில் அந்த இடம் தடிப்பாகும். போர்க்காலத்தில் எங்கள் மக்கள் செய்த பொருள்களுக்கு அந்த நேரம் கிடைக்கவில்லை.

1990இற்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. எரிபொருளுக்கும் பற்றரிக்கும் தடை வந்தது. கிழக்கில் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்ததால், துறைகளிலும் சோதனைச் சாவடிகளிலும் சாமான்கள் அளந்துதான் போயின. அந்த நெருக்கடியில் பிறந்த உத்திகளைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மிதித்து, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டது. சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் மண்ணெண்ணெயும் வைத்து, சின்னத் திரியை அதற்குள்ளேயே எரியவிட்டு, போத்தலின் கண்ணாடியையே சிமினியாக்கிய விளக்கு. மிகக் குறைந்த எண்ணெயில் இரவு முழுக்கப் படிக்க வெளிச்சம் தந்தது அது. அந்த வெளிச்சத்தில் பரீட்சைக்குப் படித்தவர்கள் இன்று வைத்தியர்களாகவும் ஆசிரியர்களாகவும் இருக்கிறார்கள்.

இந்தப் பொருள்களைப் பார்த்து நான் உண்மையாகவே தலை வணங்குகிறேன். ஆனால் இவற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் வறுமையையே ஓர் ஆசானாக்கிப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது போதாது. கையில் கிடைத்ததை வைத்து ஒருவர் ஒரு வழி கண்டுபிடிப்பது வடிவமைப்பின் முதற்பாதி. அந்த வழி அவரைத் தவிர மற்றவருக்கும், கவனம் தவறும் நேரத்திலும், குழந்தையின் கையிலும் வேலை செய்ய வேண்டும். அதுதான் பின்பாதி. இந்தப் பின்பாதியை முழுமையாகச் செய்து காட்டிய ஒருவர் இலங்கையிலேயே இருந்தார். அவர் வடிவமைப்பாளர்கூட இல்லை, சத்திரசிகிச்சை நிபுணர்.

வைத்தியர் விஜய கொடகும்புரவிடம் தீக்காயத்தோடு நோயாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். மின்சாரம் இல்லாத வீடுகளில் பழைய போத்தலிலோ பல்ப்பிலோ தகரப் பேணியிலோ திரி போட்டு வீட்டிலேயே செய்த மண்ணெண்ணெய் விளக்கு. உயரமாகவும் இலேசாகவும் இருக்கும் போத்தல் கை பட்டால் சாயும். சாய்ந்தால் உருளும். செருகி வைத்த திரிக்குழாய் கழன்றுவிடும். எண்ணெய் கொட்டும். கீழே விழுந்தால் கண்ணாடி உடையும். பாயில் படுத்திருக்கும் குழந்தையின் உடுப்பில் தீ பிடிக்கும்.

கொடகும்புர 1992இல் இதற்கு மாற்றாக ஒரு விளக்கைச் செய்யத் தொடங்கினார். முன்மாதிரியாக அமைந்தது மார்மைட் என்ற உணவுப் பசை வரும் போத்தல். கட்டையாக, அகலமாக, தடித்த கண்ணாடியில் இருக்கும் அந்தப் போத்தல் எளிதில் சாயாது என்று கண்டார். அதிலிருந்து வந்த விளக்குக்குச் 'சுதீப' என்று பெயர். உயரம் குறைவு, அடிப்பாகம் பாரம், ஆகவே சாய்வது அரிது. மீறிச் சாய்ந்தாலும் உருளாது, இரண்டு பக்கம் தட்டையாக இருக்கிறது. எண்ணெய் கொட்டாது, திரியைத் தாங்கும் உலோக மூடி திருகி இறுக்குவது. தவறி விழுந்தாலும் எளிதில் உடையாது, கண்ணாடி தடிப்பு. விபத்தின் படிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு தடை வைத்திருக்கிறார். ஏதாவது ஒரு தடை தவறினாலும் அடுத்தது பிடித்துக்கொள்ளும். விலையையும் ஏழைக் குடும்பம் வாங்கும் அளவிலேயே வைத்தார். 1998இல் இதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. பல இலட்சம் விளக்குகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

இந்த விளக்கில் புதிய தொழில்நுட்பம் எதுவுமே இல்லை. கண்ணாடி, தகரம், திரி எல்லாம் நூறு வருடத்துக்கு முன்பே இருந்தவை. புதிதாக இருந்தது கேள்வி மட்டும்தான். "விளக்கு எப்படி எரிய வேண்டும்?" என்று எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தபோது, "விளக்கு எப்படி விழுகிறது?" என்று அவர் கேட்டார்.

பின்பாதி தவறினால் என்ன நடக்கும் என்பதையும் இந்தக் கரை பார்த்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் மட்டக்களப்பின் நாவலடி, கல்லடி, திருச்செந்தூர்ப் பக்கமெல்லாம் அழிந்தபின், வீடிழந்தவர்களுக்குத் தற்காலிகக் கொட்டில்கள் கட்டப்பட்டன. பலவற்றுக்குக் கூரை தகரம். மழைக்கு நல்லது, விரைவாகக் கட்டலாம், லொறியில் ஏற்றலாம். ஆனால் சித்திரை வெயிலில் நண்பகலில் உள்ளே இருக்க முடியாது. கைக்குழந்தையோடு பகலைக் கழித்த தாய்மார் மரநிழல் தேடிப் போனார்கள். கிடுகு வேய்ந்த கூரைக்குக் கீழே ஏன் குளிர்மை என்பது இந்தக் கரையில் எல்லாருக்கும் தெரிந்த விடயம். தகரத்துக்கு மேல் கொஞ்சம் கிடுகைப் போடவோ, இடையே காற்றோட இடம் விடவோ முதல் நாளிலேயே திட்டமிட்டிருக்கலாம். உதவி செய்ய வந்தவர்களின் மனதில் குறை இல்லை. குடியிருப்பவரிடம் கேட்கும் படி விடுபட்டுவிட்டது.

வலையும் இன்னொரு பாடம். பருத்தி நூல் வலை உழைத்துத் தேய்ந்து உக்கிவிடும். நைலான் இழையாலான தங்கூசி வலை மெலிது, மலிவு, மீனின் கண்ணுக்குத் தெரியாது. பிடிக்கும் வேலையில் அது பழையதை வென்றுவிட்டது. ஆனால் அறுந்து வாவிக்குள் போன துண்டு உக்காமல் கிடந்து, எடுக்க ஆளில்லாத மீனையும் நண்டையும் பிடித்துக்கொண்டே இருக்கும். இலங்கையில் தங்கூசி வலைக்குத் தடை இருக்கிறது, பாவனையும் இருக்கிறது. ஒரு பொருளை வரையும்போது அது கைவிடப்பட்ட பிறகு என்ன ஆகும் என்பதையும் சேர்த்து வரைய வேண்டும் என்று வகுப்பில் சொல்வார்கள். வலைக்கு அப்படி யாரும் வரையவில்லை.

இனி, எங்கள் தலைமுறைக்கு மிச்சமிருக்கும் வேலைகளில் என் மனதை அதிகம் பிடித்துவைத்திருப்பது உயிர்காப்பு அங்கி. வாவியில் தோணியில் நின்று வீச்சு வலை எறிகிற பெரும்பாலானவர்கள் அதைப் போடுவதில்லை. அலட்சியம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் வலை எறிவதை அருகே நின்று பாருங்கள். வலையின் ஒரு பகுதி தோளில், ஒரு பகுதி முழங்கையில், மிச்சம் மற்றக் கையில். இடுப்பை முறுக்கி, இரண்டு கையையும் வீசி விரித்து எறிவார்கள். வலையின் ஓரத்தில் ஈயக் குண்டுகள் வரிசையாகத் தொங்கும். நெஞ்சை மூடிய தடித்த நுரை அங்கியில் அந்தக் குண்டுகள் கொக்கியிலும் பட்டியிலும் மாட்டிக்கொள்ளும். மாட்டினால் வலை விரியாது. எறிந்தவரையே தண்ணீருக்குள் இழுத்துவிடவும் கூடும். வெக்கை வேறு. அதைப் போடாமல் விடுவது அவர்கள் கணக்கில் நியாயம்தான்.

ஆகவே மாற்ற வேண்டியது மீனவரை இல்லை, அங்கியை. உலகத் தர அளவுகளில் 50 நியூட்டன் மிதப்பு நீந்தத் தெரிந்தவருக்கு, கரை பக்கத்தில் இருக்கும்போது. 100 நியூட்டன் அமைதியான நீர்நிலையில் எல்லாருக்கும். வாவிக்கு இவற்றில் எது, இரவில் இறாலுக்குப் போகிறவருக்கு எது என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். மிதப்பை நெஞ்சிலிருந்து எடுத்து முதுகுக்கும் இடுப்புப் பட்டிக்கும் பிரித்தால் தோள் விடுபடும். ஆனால் மயங்கியவரின் முகத்தை நீருக்கு மேலே வைத்திருக்க அது போதுமா என்று பார்க்க வேண்டும். வெளிப்புறத்தில் கொக்கியே இல்லாமல், ஒற்றை முடிச்சில் இறுக்கும்படி செய்யலாமா? உப்புத் தண்ணீரில் நனைந்தால் அடுத்த நாளைக்குள் காயுமா? கிழிந்தால் ஆரையம்பதியிலோ காத்தான்குடியிலோ வீட்டுத் தையல் இயந்திரத்தில் தைக்க முடியுமா? வலைக் கடையில் வலையோடு சேர்த்து விற்கும் விலையில் வருமா? முதல் மாதிரிகளை வலை எறிகிறவர்களின் உடம்பில், தோணியில் வைத்துத்தான் அளக்க வேண்டும். நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவர் அதோடு தண்ணீருக்குள் விழுந்தும் காட்ட வேண்டும்.