‘உப்பு: தேவையான அளவு’

அம்மாவிடம் வத்தக்குழம்பு எப்படி வைப்பது என்று கேட்டால், “புளியைக் கொஞ்சம் கரைச்சுக்கோ, தாளிச்சுக் கொட்டு, சுண்டினதும் இறக்கிடு” என்பார். பல வருஷம் கரண்டி பிடித்த கைக்கு அது போதும். முதல் தடவை அடுப்பு பற்றவைக்கிறவருக்கு? கொஞ்சம் என்றால் எவ்வளவு, எதைத் தாளிப்பது, எதுவரை சுண்ட வேண்டும்?

கையால் சர்க்யூட் போர்டு அசெம்பிள் செய்யும் யூனிட்டுகளில் மேசைக்கு மேல் ஒட்டியிருக்கும் செய்முறைத் தாள்கள் பலவும் அம்மா சொன்ன மாதிரிதான் இருக்கும்.

நானே அப்படி எழுதியிருக்கிறேன். மோட்டார் பம்ப் கன்ட்ரோலர் போர்டு ஒன்றுக்கு, “சி3 கெபாசிட்டரைச் சரியான திசையில் பொருத்தவும்” என்று ஒரு வரி. போர்டில் அச்சிட்டிருந்தது பிளஸ் குறி. கெபாசிட்டரின் உடம்பில் இருக்கும் பட்டையோ மைனஸ் காலைக் காட்டுவது. புதிதாகச் சேர்ந்த பெண் குறிக்கு நேராகக் குறியை வைத்தார். அதுதானே யாருக்கும் தோன்றும்! கரன்ட் கொடுத்ததும் கெபாசிட்டர் சூடேறித் தலை உப்பிப் பிளந்தது. திட்டு அந்தப் பெண்ணுக்கு விழுந்தது. தப்பு என் வரியில் இருந்தது. இப்போது அந்தத் தாளில் இருப்பது: “வெள்ளைப் பட்டைப் பக்கத்துக் கால், பிளஸ் குறி இல்லாத ஓட்டையில்.” பக்கத்தில் ஒரு போட்டோ.

அஞ்சறைப் பெட்டியில் சீரகமும் சோம்பும் பக்கத்துப் பக்கத்துக் கிண்ணத்தில் இருந்தால் அவசரத்தில் கை மாறும். ரெசிஸ்டரும் அப்படித்தான். பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்றால் 1 கிலோ ஓம். பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு என்றால் 10 கிலோ ஓம். டியூப்லைட் வெளிச்சத்தில் அந்தச் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றுபோலத் தெரியும். மதிப்பை மட்டும் எழுதாமல் நிறங்களையும் எழுத வேண்டும். இரண்டு டப்பாக்களையும் தள்ளி வைக்கச் சொல்ல வேண்டும்.

வரிசை முக்கியம். கடுகுக்கு முன்னால் பெருங்காயத்தைப் போட்டால் கடுகு வெடிப்பதற்குள் பெருங்காயம் கருகிவிடும். போர்டில் குள்ளமானவை முதலில்: ரெசிஸ்டர், டயோடு. பிறகு ஐசி சாக்கெட். உயரமான கெபாசிட்டரும் ரிலேயும் கடைசியில். பாகங்களை மேல்பக்கம் செருகிவிட்டு, போர்டைக் கவிழ்த்துத்தான் காலில் ஈயம் வைக்கிறோம். ரிலே முன்னாலேயே ஏறியிருந்தால் கவிழ்த்த போர்டை அது தூக்கிப் பிடிக்கும். ரெசிஸ்டர் நழுவித் தொங்கும். இந்தக் காரணத்தையும் ஒரு வரி எழுதிவையுங்கள். காரணம் தெரிந்தவர் வரிசையை மாற்றமாட்டார்.

சால்டரிங்தான் பக்குவம் பார்க்கும் இடம். காயாத எண்ணெயில் போட்ட கடுகு வெடிக்காமல் ஊறிக் கிடக்கும். அதேபோல, காலும் செப்பு வளையமும் சூடேறாமல் ஈயத்தை மட்டும் உருக்கி அப்பினால், அது உருண்டையாக மேலே உட்கார்ந்திருக்குமே தவிர ஒட்டாது. அயர்ன் முனை இரண்டையும் சேர்த்துத் தொட வேண்டும். ஈயக் கம்பியை முனையில் வைக்காமல் மறுபக்கத்திலிருந்து மூட்டில் கொடுக்க வேண்டும். “நன்றாகப் பற்றவைக்கவும்” என்று எழுதிப் பயனில்லை. “ஈயம் ஓடி, காலைச் சுற்றிச் சரிவாக ஏறியதும் கம்பியை எடு, பிறகு அயர்னை எடு” என்று எழுதினால் கண் பார்த்துக்கொள்ளும். எந்தக் கம்பி என்பதும் தாளில் வேண்டும்: 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்தது 183 டிகிரி செல்சியஸில் உருகும். காரீயம் இல்லாத கம்பிகளில் பெரும்பாலானவற்றுக்கு 217 டிகிரிக்கு மேல் வேண்டும். நல்ல மூட்டு ஒன்று, கெட்ட மூட்டு ஒன்று, இரண்டின் போட்டோவும் பெரிதாக இருக்கட்டும்.

எழுதி முடித்த தாளை, அந்த போர்டைத் தொட்டே பார்க்காத ஒருவரிடம் கொடுங்கள். வாயைத் திறக்காமல் பின்னால் நின்று பாருங்கள். எங்கே அவர் கை நிற்கிறதோ அங்கே ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கிறாரா? போட்டோவை அவர் உட்காரும் பக்கத்திலிருந்து மறுபடி எடுங்கள்.