உஷார்! காது கேட்காத பிள்ளையை ஓரமாக உட்கார வைக்காதீங்க!

காது மிஷின் மாட்டியாச்சு, இனிக் கவலையில்லை என்று இருக்கிறீர்களா? இருக்காதீங்க. ஆபத்து காதோடு நிற்பதில்லை. மூச்சையும் தொடும். நடையையும் தொடும்.

ஆலங்குடிப் பக்கம் ஒரு பையன். பத்து வயசு. பிறவியிலேயே காது கேட்காது. வண்டிச் சத்தம் கேட்காதே என்று வீட்டில் வெளியே விட்டதில்லை. விசில் கேட்காதே என்று பள்ளியில் பி.டி. பீரியடில் மரத்தடியில் உட்கார வைத்தார்கள். எல்லாம் பாசம்தான். கோடை லீவில் மற்ற பிள்ளைகளோடு கண்மாயில் இறங்கினான். இடுப்பளவுத் தண்ணீர்தான்! தலை முங்கியதும் மேல் எது, கீழ் எது தெரியவில்லை. அடியிலேயே துழாவியிருக்கிறான். மாமா பார்த்துத் தூக்கியதால் பிழைத்தான்.

உடம்பு தள்ளாடாமல் காக்கும் உறுப்பும் உள்காதில்தான் இருக்கிறது. கேட்கும் திறன் போன பல குழந்தைகளுக்கு அதுவும் பழுதாகியிருக்கும். கண்ணை நம்பித்தான் நிற்கிறார்கள். இருட்டிலும் கலங்கல் தண்ணீரிலும் கண்ணும் கைவிடும். ஊருக்கு ஊர் கண்மாயும் ஊருணியும் உள்ள புதுக்கோட்டை மாவட்டத்தில் இது சின்ன விஷயமா?

மூச்சும் அப்படித்தான். கத்தி, பாடி, ஓடித்தான் பிள்ளைகளின் நெஞ்சு விரியும். பேச்சும் இல்லை, ஓட்டமும் இல்லை என்றால் நுரையீரல் முழுசாக விரியப் பழகாது. இந்தப் பிள்ளைகளுக்கு மூச்சுக் கொள்ளளவு குறைவதை ஆய்வுகளும் கண்டிருக்கின்றன.

கவனியுங்க! கழுத்து நிற்கவும் நடக்கவும் தாமதமானதா? கரண்ட் போனால் தடுமாறுகிறதா? பலூன் ஊதத் திணறுகிறதா? கொஞ்சம் ஓடினாலே மேல்மூச்சு வாங்குகிறதா? டாக்டரிடம் சொல்லுங்க.

ஓடும்போதோ பயந்தபோதோ மயங்கி விழுந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாதீங்க! வலிப்பு என்று நினைத்து ஏமாந்துவிடுவோம். பிறவிக் காது கேளாமையோடு இதயத் துடிப்புக் கோளாறும் சேர்ந்து வரும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. பெயர் ஜெர்வெல் லாங்கே நீல்சன். அபூர்வம்தான், ஆனால் திடீரென்று உயிரைப் பறிக்கும். சொந்தத்தில் கல்யாணம் கட்டிய வீடுகளில் இன்னும் கவனம் வேணும். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்க, ஈசிஜி எடுக்கச் சொல்லுங்க.

இதயம் சரி என்று டாக்டர் சொன்னால் விளையாட விடுங்க. விசிலுக்குப் பதில் கொடி காட்டச் சொல்லுங்க. காது கேளாத மதுரைப் பொண்ணு ஜெர்லின் அனிகா, 2022-ல் பிரேசிலில் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்கில் பேட்மிண்டனில் 3 தங்கம் வாங்கினார். தண்ணீரில் மட்டும், கைக்கெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இல்லாமல் இறக்கவே இறக்காதீங்க!