கலைக்குப் படியளப்பவர் யார்?

சென்ற மார்கழி மாதத்தில் ஒரு நாள் மாலை, பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிக் கைகால் கழுவிக்கொண்டு, காப்பியை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. எங்கள் ஊர் ஸங்கீத ஸபாவின் காரியதரிசி நின்றுகொண்டிருந்தார். ரசீதுப் புத்தகத்துடன் வருகிறவரைக் கண்டு உள்ளம் பூரிக்கும் மனிதர் உலகத்தில் இல்லை. நானும் அதற்கு விலக்கல்ல. ஆனால் அன்று அவர் கையில் இருந்தது ரசீதுப் புத்தகம் அன்று. ஒரு விண்ணப்பப் படிவம்.

“ஸார், நீங்கள் எம்.ஏ. படித்தவர்கள். இதைப் பூர்த்தி செய்து தரவேண்டும். சர்க்கார் மானியத்துக்காக” என்றார்.

அவருக்குப் பின்னால் தடியை ஊன்றிக்கொண்டு ஸபாவின் தலைவரும் வந்துசேர்ந்தார். எண்பது வயதைத் தாண்டிய பெரியவர். “தம்பி! பூர்த்தி செய்ய வேண்டாம் என்று சொல்லுவதற்காகத்தான் நானும் கூடவே வந்தேன்” என்றார்.

இருவரையும் உட்காரவைத்து விஷயத்தைக் கேட்டேன். எங்கள் ஸபாவின் அங்கத்தினர் ஜாபிதாவில் பாதிப்பேர் காலமாகிவிட்டார்கள். மற்றப் பாதிப்பேர் சென்னைக்குக் குடிபோய்விட்டார்கள். கொட்டகையின் கூரை ஒழுகுகிறது. சனிக்கிழமைதோறும் ஊர்க் குழந்தைகளுக்குப் பாட்டும் மிருதங்கமும் சொல்லிக் கொடுக்கும் வாத்தியார்களுக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி. சித்திரை பிறப்பதற்குள் பணம் கிடைக்காவிட்டால் வகுப்பை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை என்றார் காரியதரிசி.

“மூடினாலும் மூடுவோம். சர்க்கார் பணத்தை வாங்கினால் முன்வரிசை நாற்காலி அவர்களுக்கு. அடுத்த வருஷம் மேடையில் யார் ஏறுவது என்பதையும் அவர்களே சொல்லுவார்கள்” என்றார் பெரியவர்.

“யாருமே ஏறாத மேடையை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்யப்போகிறோம், ஐயா?” என்றார் காரியதரிசி.

இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. ஒரு வாரம் அவகாசம் கேட்டுக்கொண்டேன். அந்த ஒரு வாரம் நான் படித்ததையும் யோசித்ததையும் நேயர்களுக்குச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன். ஏனெனில் இது எங்கள் ஊர் ஸபாவின் தொல்லை மட்டும் அன்று.

கலை தன் வரும்படியைக் கொண்டே வாழ்ந்த காலம் நம் நாட்டில் இருந்ததா? தஞ்சைப் பெரிய கோயில் சுவரைக் கேட்டால், இல்லை என்றே அது பதில் சொல்லும். இராஜராஜ சோழனின் 29-ஆம் ஆட்சியாண்டைக் குறிக்கும் கல்வெட்டில், அதாவது சுமார் 1014-ஆம் ஆண்டில், 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் காணப்படுகின்றன. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்பது வரையில் விவரம் உண்டு. ஆளுக்கு ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். திருப்பதிகம் பாடுவோரும் அவர்களுக்கு வாத்தியம் வாசிப்போருமாக 50 பேருக்கு நாள் ஒன்றுக்குத் தலா மூன்று குறுணி நெல் என்று இன்னொரு கல்வெட்டுக் கூறுகிறது.

இதில் நெல்லின் அளவைவிட நிபந்தனைதான் என் மனத்தைக் கவர்ந்தது. பங்கு பெற்றவர் இறந்தாலும், வெளியூர் போய்விட்டாலும், அடுத்த உறவினர் அந்த நெல்லைப் பெற்று அந்தப் பணியைச் செய்யவேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதி உள்ள ஒருவரைத் தேடி அமர்த்தவேண்டும். மனிதருக்குக் கொடுத்த பரிசு அன்று அது. பணி நின்றுபோகாமல் இருப்பதற்கு இட்ட அஸ்திவாரம்.

ஆனால் பெரியவரின் அச்சத்துக்கும் அதே சுவரில் சாட்சி இருக்கிறது. அந்த 400 பெண்களும் சோழ மண்டலத்துப் பிற கோயில்களிலிருந்து அரசன் ஆணையால் கொண்டுவரப்பட்டவர்கள். படியளக்கும் கை, ‘இங்கே வா’ என்று அழைக்கவும் செய்யும். போகட்டும், அழைத்த கையாவது நிலைத்து நின்றதா? சோழர் போய், நாயக்கர் போய், மராட்டியர் வந்தனர். 1855-இல் தஞ்சை மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் காலமானார். கம்பெனியார் இராஜ்யத்தைத் தம்முடன் சேர்த்துக்கொண்டனர். ஒரே குடையின் கீழ் இருந்த வித்துவான்கள் குடை மடங்கியதும் திசைக்கு ஒருவராகப் போனார்கள். அநேகர் சென்னை சேர்ந்தார்கள். அங்கே பட்டணத்து மத்தியதர மக்கள் சந்தா செலுத்தியும் டிக்கெட் வாங்கியும் ஸபாக்களை வளர்த்தார்கள். 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையை ஒட்டி நடந்த ஸங்கீத மகாநாட்டின் பயனாக, மறு வருஷம் மியூஸிக் அகாடமி தோன்றியது. அப்போது கலைக்குப் படியளந்தவர் அரசர் அல்லர். டிக்கெட் வாங்கிய ஜனங்களே. அந்த டிக்கெட்டின் மேலும் சர்க்கார் கை வைத்தது வேறு கதை. சென்னை மாகாணத்தின் கேளிக்கை வரிச் சட்டம் 1939-இல் வந்தது.

அரசனும் இல்லாமல், டிக்கெட்டும் இல்லாமல் கலை வாழ்ந்த ஒரு வழியை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். முன்பு நான் வட தமிழ்நாட்டில் ஒரு கிராமத்துப் பள்ளியில் வேலை பார்த்தேன். அங்கே திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. கூத்து ஜமாவுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். “தலைக்கட்டு வரிதான், ஸார்” என்றார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று ஊரார் கூடிப் பேசி முடிவு செய்து, வசூலித்து, செலவுக் கணக்கையும் ஊரார் முன்னிலையிலேயே வாசித்தார்கள். இதன் பலன் கூத்து நடக்கும்போது தெரிந்தது. துரியோதனன் வேஷக்காரர் ஒரு பாட்டை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவியபோது, முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி அதட்டி அவரைத் திரும்பப் பாடவைத்தாள். வரி கொடுத்தவள் அவள். கலை தெரிந்தவளும் அவள். இப்படிப்பட்ட ‘பரிசோதனை அதிகாரி’ எந்தச் சர்க்கார் இலாகாவிலும் கிடைப்பாரா என்பது சந்தேகம்.

கடல் கடந்த தேசங்களிலும் இதே கேள்வி எழுந்திருக்கிறது. இங்கிலாந்தில் யுத்தத்தின் நடுவே, 1940-இல், ஸங்கீதத்தையும் கலைகளையும் ஊக்குவிக்க ஒரு ஸபை ஏற்பட்டது. பில்கிரிம் டிரஸ்ட் என்னும் தர்ம ஸ்தாபனம் 25,000 பவுன் கொடுத்துத் தொடங்கிவைக்க, பிறகு சர்க்காரும் பணம் கொடுத்தது. 1942-இல் அதன் தலைவரானவர் பொருளாதார நிபுணர் கெயின்ஸ் பிரபு. 1946-இல் அந்த ஸபையே கலைக் கவுன்ஸிலாக மாறியது. சர்க்கார் பணத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்; யாருக்கு எவ்வளவு என்பதைக் கவுன்ஸில் தீர்மானிக்கும். இதுதான் ஏற்பாடு. பெரியவர் பயந்த நோய்க்கு இது நல்ல மருந்துதான். ஆயினும் லண்டன் பட்டணத்துப் பெரிய நாடக சாலைகளே பெரும் பங்கைக் கொண்டுபோகின்றன என்ற குறை வெளியூர்களிலிருந்து வெகு காலம் கேட்டுக்கொண்டிருந்தது. மந்திரிக்கு எட்டாத தூரத்தில் வைத்த பணம், சிற்றூருக்கும் எட்டாமல் போய்விட்டது!

அமெரிக்காவில் டென்வர் என்ற நகரத்தாரும் சுற்றுப்புறத்தாரும் 1988-இல் வேறு வழியைக் கண்டார்கள். ஜனங்களே வாக்களித்துத் தங்கள் மேல் ஒரு வரியைப் போட்டுக்கொண்டார்கள். பத்து டாலருக்குச் சாமான் வாங்கினால் ஒரு செண்ட் கலைக்கும் விஞ்ஞானக் காட்சிசாலைகளுக்கும் போகும். மியூஸியம், மிருகக்காட்சிசாலை முதலிய பெரிய ஸ்தாபனங்களுக்கே பெரும்பகுதி என்பது உண்மை. ஆனால் சின்னஞ்சிறு நாடகக் குழுக்களுக்கும் பாட்டுக் கோஷ்டிகளுக்கும் இவ்வளவு பங்கு என்று சட்டத்திலேயே ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். அந்தப் பங்கைப் பிரித்துக் கொடுப்பவை அந்தந்த மாவட்டத்துக் குழுக்கள். 1994, 2004, 2016 ஆகிய மூன்று முறையும் ஜனங்கள் வாக்களித்து இவ்வரியை நீட்டித்தார்கள். ‘வரியை நீட்டியுங்கள்’ என்று மும்முறை சொன்ன ஜனங்களை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

அதே அமெரிக்க தேசத்தில் மத்திய சர்க்காரின் கலை நிதி ஸ்தாபனம் 1965-இல் ஏற்பட்டது. 2025 மே மாதத்தில் அந்த ஸ்தாபனம், தருவதாக முன்பே ஒப்புக்கொண்டிருந்த உதவித்தொகைகளை ரத்து செய்துவிட்டதாக அநேக சங்கங்களுக்குத் திடீரென்று கடிதம் அனுப்பியது. ஒரே கையை நம்பி இருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். நம் தஞ்சை வித்துவான்களுக்கு 1855-இல் நேர்ந்தது என்ன என்பது அவர்களுக்கு நன்றாகவே விளங்கியிருக்கும்.

நம் நாட்டில் ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. டில்லியில் ஸங்கீத நாடக அகாடமி 1953 ஜனவரியில் தொடங்கப்பட்டது. சென்னையில் இயல் இசை நாடக மன்றம் 1955 முதல் இருந்துவருகிறது. மாவட்டந்தோறும் கலை மன்றங்கள் உண்டு, விருதுகளும் உண்டு. விருதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வாழ்நாள் முழுவதும் உழைத்த கலைஞருக்குச் சபை நடுவே ஒரு மரியாதை வேண்டியதுதான். ஆனால் பொன்னாடையை விரித்து ஒழுகும் கூரையை மூட முடியாது. சனிக்கிழமை வகுப்பு நடந்தால்தானே இருபது வருஷம் கழித்து விருது வாங்க ஆள் இருப்பார்? இராஜராஜன் கல்லில் வெட்டிவைத்த நிபந்தனையின் கருத்து இதுதான். பணிக்குக் கொடு, ஆள் தானே வருவார்.

விண்ணப்பம் எழுதுவதும் இலேசான காரியம் அன்று. பதிவுச் சான்றிதழ், தணிக்கை செய்த கணக்கு, சென்ற ஆண்டுகளின் நடவடிக்கைக் குறிப்பு, வாங்கிய பணத்தைச் செலவிட்டதற்கு அத்தாட்சிப் பத்திரம் என்று வரிசையாகக் கேட்கிறார்கள். பொதுப்பணம் ஆதலால் கேட்கவேண்டியதுதான். ஆனால் ஆடிட்டரை வைத்துக்கொள்ளச் சக்தி உள்ள பட்டணத்து ஸ்தாபனத்துக்கு இது ஒரு மணி நேர வேலை. சட்டையில் அரிதாரக் கறை போகாத கூத்து வாத்தியாருக்கு இது ஏற முடியாத மலை. உதவி மிகவும் தேவையானவர்களே வாசலில் நின்றுவிடுகிறார்கள். ஒவ்வொரு தாலுக்காவிலும் இதற்கென்று ஒருவர் உட்கார்ந்து, படிவத்தை எழுதிக் கொடுத்துக் கணக்கு வைக்கவும் சொல்லிக்கொடுத்தால், அதற்கு ஆகும் செலவும் கலைக்குச் செய்த உதவியே ஆகும்.

ஒரு வாரம் கழித்துப் பெரியவரும் காரியதரிசியும் வந்தார்கள். நான் என் யோசனையைச் சொன்னேன். மானியம் கேட்போம். ஆனால் ஊரார் கொடுப்பதற்கு மேல் ஒரு காசும் கேட்கவேண்டாம். ஊர் ஒரு ரூபாய் கொடுத்தால் சர்க்கார் ஒரு ரூபாய். அப்படி இருந்தால், ஒரு கை திடீரென்று விலகினாலும் மற்றொரு கை தாங்கும். வரவு செலவு முழுவதையும் மாதந்தோறும் கொட்டகை வாசலில் எழுதி ஒட்டுவோம். மேடையில் யார் ஏறுவது என்பதை ஸபாவின் கமிட்டியே முடிவு செய்யும் என்று தீர்மானப் புத்தகத்தில் இன்றே எழுதி வைப்போம்.

பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “முன்வரிசை நாற்காலி?” என்றார்.

உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்த என் மனைவி பதில் சொன்னாள்: “வகுப்பிலே படிக்கிற குழந்தைகளை உட்காரவையுங்கள், ஐயா. அவர்களை எழுப்ப யாருக்கும் மனம் வராது.”

பெரியவர் சிரித்துவிட்டார். விண்ணப்பத்தில் முதல் கையெழுத்து அவருடையதுதான்.

நேயர்களே! இதுவரை அந்த விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை. ஆனால் அன்று மாலையே காரியதரிசி பையிலிருந்து ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். வீட்டுக்கு இவ்வளவு என்று தெருத் தெருவாகப் போனோம். கதவைச் சாத்தியவர்களும் உண்டு. கேட்டதற்கு இரட்டிப்பாகக் கொடுத்தவர்களும் உண்டு. வாத்தியார்களின் பாக்கியில் இரண்டு மாதச் சம்பளம் தீர்ந்தது. ஒரு மாதத்தது இன்னும் நிற்கிறது; கூரையும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. சித்திரை பிறந்த பின் வந்த முதல் சனிக்கிழமை, ஒழுகாத மூலையாகப் பார்த்துப் பாய் விரித்து, குழந்தைகள் ஸரளி வரிசை பாடிக்கொண்டிருந்தார்கள்.