வயதின் கோளாறா, மூளையில் நீரா?

ஓய்வு பெற்ற ரெயில்வே ஊழியர்கள் பென்ஷன் விஷயமாக எங்கள் அலுவலகத்துக்கு வருவது உண்டு. கணக்கில் புலியாக இருந்த சிலர், கையெழுத்துப் போடும் இடம் தெரியாமல் விழிப்பார்கள். கால் தரையில் ஒட்டிக்கொண்டது போலத் தேய்த்துத் தேய்த்து நடப்பார்கள். "வயசாயிடுச்சு சார்" என்பார் உடன் வந்த மகன். நாமும் தலையை ஆட்டுவோம்.

எல்லாமே வயதின் கோளாறுதானா? இல்லை. இவர்களில் ஒருசிலருக்கு மூளையில் நீர் தேங்கியிருக்கலாம். அதற்கு ஆபரேஷன் உண்டு.

மறுநாள் பேசிய சிறுவன்

1957-ம் ஆண்டு. தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் தலைநகரான பொகோட்டா. விபத்தில் தலையில் அடிபட்ட 16 வயதுச் சிறுவன் நினைவு தெளியாமல் கிடந்தான். அவனது மூளையின் உள்ளறைகள் பெரிதாகி இருந்தன. ஆனால் நீரின் அழுத்தம் சாதாரணமாகவே இருந்தது. அழுத்தம் கூடாமல் நீரால் தொல்லை வராது என்பது அந்நாளைய எண்ணம்.

டாக்டர் சாலமோன் ஹக்கீம் பரிசோதனைக்காக 15 மில்லி நீரை எடுத்தார். மறுநாள் சிறுவன் பேசினான்! பிறகு முதியவர்களிடமும் இதே கோளாறைக் கண்ட ஹக்கீம், 1965-ல் அமெரிக்க டாக்டர் ரேமண்ட் ஆடம்ஸ் முதலானோருடன் சேர்ந்து இதை மருத்துவ உலகுக்கு அறிவித்தார்.

மூன்று அறிகுறிகள்

மூளையில் தினமும் சுமார் அரை லிட்டர் நீர் சுரந்து, மீண்டும் ரத்தத்தில் கலந்துவிடுகிறது. இந்த வடிகால் சரியாக வேலை செய்யாவிட்டால் உள்ளறைகள் வீங்கிச் சுற்றியுள்ள நரம்புகளைப் பாதிக்கின்றன. முதலில் நடை கெடும். மறதியும் மந்தமும் வரும். சிறுநீரை அடக்க முடியாமல் போகும். மூன்றும் எல்லோருக்கும் சேர்ந்து வருவதில்லை.

கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். நடையைப் பார்த்தால் பார்க்கின்சன் நோய் போலிருக்கும். மறதியைப் பார்த்தால் அல்சைமர் நோய் போலிருக்கும். வயதில் மூளை சுருங்கினாலும் உள்ளறைகள் பெரிதாகத் தெரியும் என்பதால், ஸ்கேன் படம் மட்டும் போதாது. எனவே முதுகுத்தண்டில் ஊசி போட்டு 30 முதல் 50 மில்லி நீரை எடுத்து, அதற்கு முன்னும் பின்னும் நோயாளியை நடக்கவிட்டுப் பார்க்கிறார்கள். நடை தேறினால் ஆபரேஷன் பலன் தரும் என்ற நம்பிக்கை கூடும்.

மூளையின் உள்ளறையிலிருந்து தோலுக்கு அடியிலேயே வயிறு வரை மெல்லிய குழாய் பொருத்துவதுதான் ஆபரேஷன். நீர் அளவோடு வடிய நடுவில் ஒரு வால்வு இருக்கும். குழாய் அடைபடலாம், கிருமி தொற்றலாம், மூளையைச் சுற்றி ரத்தம் கசியலாம். எல்லோருக்கும் பலன் கிடைப்பதும் இல்லை. ஆனால் பலன் கிடைத்தவர்களிடம் நடை நன்றாகத் தேறுகிறது. மறதி அந்த அளவுக்குத் தேறுவதில்லை. காலதாமதம் கூடாது.

வெளிமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களில் பெரியவர்களுக்குப் பாஷையும் ஒரு தடை. படுக்கை நனைவதைத் தமிழில் சொல்லவே கூசும் தாத்தா, டாக்டரிடம் இந்தியில் எப்படிச் சொல்வார்? வீட்டில் உள்ளவர்கள்தான் கவனித்து, மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "வயசாயிடுச்சு" என்ற முடிவை டாக்டர் சொல்லட்டும். நாம் சொல்ல வேண்டாம்.