மடியில் கை நடுங்கினால் குடிகாரரா? பஸ்ஸில் பழி சுமக்கும் நோயாளிகள்!

ஓசூர்-

காலை ஷிப்டு நேரம். அத்திப்பள்ளி வழியாகப் போகும் பஸ். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பெரியவரின் வலது கை மடியில் சும்மா கிடக்கிறது. ஆனால் விரல்கள் மட்டும் மாத்திரை உருட்டுவது போல ஆடிக்கொண்டே இருக்கின்றன. பக்கத்து சீட்டுக்காரர் என்ன சொல்வார்?

"விடியறதுக்குள்ளேயே ஏத்திட்டாரு போல!"

அந்தப் பெரியவர் சாராயத்தைக் கண்ணால் கூடப் பார்க்காதவராக இருக்கலாம். அவரைப் பிடித்திருப்பது பார்க்கின்சன் என்கிற நடுக்குவாதம். 1817-ல் லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இதைப் பற்றி எழுதினார். அவர் பெயரே நோய்க்கும் நிலைத்து விட்டது.

குடியை விட்டவர் கை, டம்ளரைத் தூக்கும்போது நடுங்கும். இந்த நோயில் பெரும்பாலும் நேர்மாறு. கை சும்மா இருக்கும்போது நடுங்கும், வேலை செய்யும்போது குறையும். முதலில் ஒரு பக்கம்தான் வரும். சிலருக்கு நடுக்கமே இருக்காது. சட்டைப் பட்டன் போட நேரமாகும், கையெழுத்து பொடிப்பொடியாகச் சுருங்கும், முகம் சிரிப்பை மறக்கும். மலச்சிக்கலும் வாசனை தெரியாமல் போவதும் பல வருஷம் முன்னாலேயே வந்திருக்கலாம். யார் கவனித்தார்கள்?

மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் செத்துப் போவதுதான் காரணம். நடுக்கம் தெரியும்போது பெரும்பகுதி போய்விட்டிருக்கும். 'ரத்தம் டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடும்' என்று நினைப்பது தப்பு. டாக்டர் நடக்கச் சொல்லி, விரலைத் தட்டச் சொல்லி, கையை மடக்கிப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். ஸ்கேன் எடுப்பது வேறு நோய் இல்லை என்று உறுதி செய்யத்தான்.

வெல்டிங் ஆட்களே, உஷார்!

சிப்காட் பக்கத்தில் வெல்டிங் பட்டறைக்குக் குறைவில்லை. காற்றோட்டம் இல்லாத இடத்தில் மாங்கனீசுப் புகையை வருஷக்கணக்கில் சுவாசித்தால், இதே போன்ற விறைப்பும் தள்ளாட்டமும் வரலாம். அதற்கு வழக்கமான மாத்திரை அவ்வளவாகக் கேட்பதில்லை. ஆகவே என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.

தலைசுற்றலுக்கு என்று சின்னாரிசின், ஃபுளுனாரிசின் மாத்திரைகளை மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறவர்கள் உண்டு. இவற்றாலும் நடுக்கம் வரும். டாக்டர் அதை நிறுத்தச் சொன்னால் பலருக்குச் சில மாதத்தில் குறைந்துவிடும். இருந்த மருந்து விட்டதும் போன நோய்!

சென்னையில் பிரித்த மருந்து

முக்கிய மருந்து லெவோடோபா. நம்ம ஊர் வேலியில் படரும் பூனைக்காலி விதையில் இது இருக்கிறது. 1937-லேயே சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அதற்காக விதையை இடித்துக் குடிக்கக் கிளம்பிவிட வேண்டாம். அளவு தெரியாமல் போனால் வாந்தி, மயக்கம்தான் மிச்சம்.

மாத்திரை நோயை ஒழிக்காது, கட்டுப்படுத்தும். நேரம் தவறக் கூடாது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடுவது நல்லது. பால், முட்டை, பருப்போடு சேர்த்தால் வேலை குறையும். ஷிப்டு மாறுகிறவர்களுக்கு இதுதான் தலைவலி. நைட் ஷிப்டு வாரத்துக்கு எந்த நேரம் என்று தனியாக எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

பெங்களூர் நிமான்ஸ் ஆஸ்பத்திரி இருப்பதும் ஓசூர் ரோட்டில்தான். 40 கிலோ மீட்டருக்குள் பஸ் பயணம். கிருஷ்ணகிரிக்காரர்கள் 2022-ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் முதலில் காட்டலாம்.

பஸ் படிக்கட்டில் இந்த நோயாளிக்குக் கால் பசை போட்டது போல ஒட்டிக்கொள்ளும். பின்னால் நிற்பவர் 'ஏறுய்யா' என்று தள்ளினால் விழுந்துவிடுவார். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று மெதுவாக எண்ணிக் கொடுத்தால் பலருக்குக் கால் தானாக எழும்பும்.