பழைய ஏடும் புதிய கண்ணும்

ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலம் என்றவுடன் மோனா லிசா ஓவியமும் மைக்கேலாஞ்சலோவின் சிற்பங்களும்தாம் பலருக்கும் நினைவுக்கு வரும். அவை அந்தக் காலத்தின் மலர்கள். அதன் வேரைக் காண வேண்டுமானால் ஒரு மருத்துவ வகுப்பறையை எட்டிப் பார்க்க வேண்டும்.

பேராசிரியர் உயரமான இருக்கையில் அமர்ந்து, கிரேக்க மருத்துவர் கேலனின் நூலை வாசிப்பார். கீழே மேசையில் கிடக்கும் சடலத்தை, நாவிதத் தொழிலோடு அறுவைத் தொழிலும் செய்யும் ஒருவர் அறுத்துக் காட்டுவார். வாசிப்பவர் கத்தியைத் தொடுவதில்லை. அறுப்பவருக்கோ நூலின் லத்தீன் மொழி தெரியாது. நூலில் சொன்னதும் மேசையில் கண்டதும் வேறுபட்டால், பெரும்பாலும் நூலே வென்றது. ஏனெனில், கேலன் 1,300 ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவ உலகின் கேள்விக்கு அப்பாற்பட்ட ஆசான்.

இந்த வழக்கம் எப்படி உடைந்தது என்பதே மறுமலர்ச்சியின் கதை எனலாம்.

ஏடு தேடிய காலம்

மறுமலர்ச்சிக்கு முந்தைய இடைக்காலத்தை இருண்ட காலம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது சரியன்று. பொலோனியா, பாரிஸ், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகங்கள் அக்காலத்தில் தோன்றியவையே. துறவிகள் மடங்களில் பழைய ஏடுகளைப் படியெடுத்துக் காத்தனர். பாக்தாத்தில் அரபு மொழிக்குச் சென்ற கிரேக்க அறிவு, 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் டொலேடோ நகரில் லத்தீனுக்கு மாறியது. பாரசீக அறிஞர் இப்னு சினாவின் மருத்துவ நூல் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பாடமாக இருந்தது. இந்தியாவில் பிறந்த எண்முறையை இத்தாலியரான ஃபிபோனாச்சி 1202ஆம் ஆண்டில் தம் கணித நூலில் விளக்கினார். ஐரோப்பாவின் விழிப்பில் ஆசியாவின் பங்கு சிறிதன்று.

14ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் ஒரு புதிய ஆர்வம் எழுந்தது. மறந்துபோன பழைய நூல்களைத் தேடும் ஆர்வம் அது. கவிஞர் பெட்ராக் 1345ஆம் ஆண்டில் வெரோனா நகரில் ரோமானியச் சொற்பொழிவாளர் சிசரோவின் கடிதங்களைக் கண்டெடுத்தார். 1397ஆம் ஆண்டில் கிரேக்க அறிஞர் கிரிசொலொராஸ் புளோரன்ஸ் நகரில் கிரேக்க மொழி கற்பிக்கத் தொடங்கினார். 1416ஆம் ஆண்டில் போஜ்ஜோ என்பவர் சுவிட்சர்லாந்தின் சென்ட் காலன் மடத்தில், தூசி படிந்து கிடந்த குவிண்டிலியனின் நூலை முழுமையாக மீட்டார். வணிகத்தில் செழித்த புளோரன்சின் செல்வர்கள் இத்தகைய தேடலுக்கும் கலைஞர்களுக்கும் பொருள் தந்து ஆதரித்தனர்.

பழமையைப் போற்றத் தொடங்கிய இந்தத் தேடல்தான் பழமையைச் சோதிக்கவும் கற்றுக்கொடுத்தது.

மொழியே சாட்சி

ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் மேற்குப் பகுதிகளின் ஆட்சியைப் போப்பாண்டவருக்கு வழங்கியதாக ஒரு பழைய ஆவணம் இருந்தது. பல நூற்றாண்டுகள் அது மதிப்போடு காட்டப்பட்டு வந்தது. 1440ஆம் ஆண்டில் லோரென்சோ வல்லா அதன் லத்தீன் மொழியை வரி வரியாக ஆராய்ந்தார். கான்ஸ்டன்டைன் காலத்து ரோமில் வழங்கியிராத சொற்கள் அதில் இருந்தன. அது பிற்காலத்தில் புனையப்பட்ட போலி என்று அவர் நிறுவினார். வல்லாவை ஆதரித்த அரசர் அப்போது போப்பாண்டவரோடு பகை கொண்டிருந்தார் என்பதும் உண்மை. ஆயினும், வல்லாவின் வாதம் அரசரின் பலத்தால் நிற்கவில்லை. சொற்களின் சான்றால் நின்றது.

கண் கற்ற பாடம்

ஓவியர்களும் இதே பாதையில்தான் நடந்தனர். தொலைவில் உள்ள பொருள் ஏன் சிறிதாகத் தெரிகிறது என்பதைப் புளோரன்சின் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி கணித முறையில் ஆராய்ந்தார். அந்த முறையை 1435ஆம் ஆண்டில் ஆல்பர்ட்டி நூலாக எழுதினார். கண்ணால் கண்டதை அளந்து வரையும் பழக்கம் வளர்ந்தது. லியோனார்டோ டா வின்சி சடலங்களைத் தாமே அறுத்து, தசையையும் எலும்பையும் வியக்கத்தக்க நுட்பத்துடன் வரைந்தார். ஆனால், 1519ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது அந்த வரைபடங்கள் அச்சேறாமல் குறிப்பேடுகளிலேயே தங்கிவிட்டன. மருத்துவ மாணவர்களுக்கு அவை பல நூற்றாண்டுகள் பயன்படவில்லை. கண்டறிந்தால் மட்டும் போதாது, அது பிறர் கைக்கும் போய்ச் சேர வேண்டும்.

அதற்கான கருவி முன்பே பிறந்திருந்தது. ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் குட்டன்பர்க் 1455ஆம் ஆண்டு வாக்கில் பைபிளை அச்சிட்டு முடித்தார். 1500ஆம் ஆண்டிற்குள் 200க்கும் மேற்பட்ட ஐரோப்பிய நகரங்களுக்கு அச்சகம் பரவியது. அதே கலை கடல் கடந்து வந்து, 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற சிறு நூலைத் தமிழ் எழுத்தில் அச்சேற்றியது.

கத்தியைக் கையில் எடுத்தவர்

இனி, அந்த வகுப்பறைக்குத் திரும்பலாம். 1537ஆம் ஆண்டில் இத்தாலியின் படுவா பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார் ஆண்ட்ரியாஸ் வெசாலியஸ். பிரசல்ஸ் நகரில் பிறந்த அவருக்கு அப்போது 23 வயது கூட நிரம்பவில்லை. அவர் உயரமான இருக்கையை விட்டு இறங்கி, கத்தியைத் தாமே எடுத்து மாணவர்கள் முன்னிலையில் அறுத்துக் காட்டினார்.

மனிதனின் கீழ்த்தாடையில் இரண்டு எலும்புகள் என்றார் கேலன். வெசாலியஸ் கண்டது ஒன்றுதான். மார்பு நடு எலும்பு ஏழு பகுதிகளாக இருக்கும் என்றார் கேலன். வெசாலியஸ் கண்டவை மூன்று. காரணமும் விளங்கியது. கேலன் பெரும்பாலும் குரங்கு, பன்றி போன்ற விலங்குகளை அறுத்துப் பார்த்தே எழுதியிருந்தார். ரோமில் மனித உடலை அறுக்க அவருக்கு வழியில்லை. விலங்கின் உடலை மனித உடலாக நம்பியே தலைமுறை தலைமுறையாக மருத்துவம் கற்பிக்கப்பட்டிருந்தது!

1543ஆம் ஆண்டில் பாசல் நகரில் வெசாலியஸின் பெருநூல் சிறந்த ஓவியங்களோடு அச்சாகி வெளிவந்தது. மொழிப் புலமை, ஓவியம், அச்சு, நேரடி ஆய்வு ஆகிய நான்கும் அந்த ஒரே நூலில் கூடின. எதிர்ப்பும் எழுந்தது. பாரிசில் அவருக்குப் பாடம் சொன்ன சில்வியஸ் கடுமையாகச் சாடினார். கேலன் தவறவில்லை, அவர் காலத்திற்குப் பிறகு மனித உடல்தான் மாறிவிட்டது என்பது அவரது வாதம். ஆசானைக் காப்பதற்காக மனித உடலையே குறை சொன்னார் அவர்.

இதில் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. வெசாலியஸ் கேலனைத் தூக்கி எறிந்தவர் அல்லர். 1541ஆம் ஆண்டில் வெளிவந்த கேலன் நூல் பதிப்பில் உடற்கூற்றுப் பகுதிகளைத் திருத்தித் தந்தவரும் அவரே. நூலை ஆழ்ந்து படித்ததால்தான் அது எங்கே பிழைத்தது என்று அவரால் காண முடிந்தது.

முன்னோர் எழுதியதை மறந்த சமுதாயம் தொடக்கத்திலிருந்து தட்டுத் தடுமாற வேண்டியிருக்கும். எழுதியதைத் தொட்டுப் பார்க்கவே அஞ்சும் சமுதாயமோ நின்ற இடத்திலேயே நிற்கும். ஏட்டைத் தேடி எடுத்து மதிப்போடு படித்து, பிறகு தன் கண்ணால் சரிபார்த்தது ஐரோப்பா. கேலனும் தம் காலத்தில் அறுத்துப் பார்த்தே எழுதியவர். அந்த வகையில், அவருடைய உண்மையான மாணவர் சில்வியஸ் அல்லர், வெசாலியஸ்தான்.